சனிக்கிழமை எண்ணெய்

அன்பு மகளுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. குடையை எடுத்து வைக்கச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அப்பாவின் பதினாறாம் நாளன்று நீ அழுதது என் காதைவிட்டுப் போகவில்லை. "எண்ணெய மாத்துனா உள்வீக்கம் வத்தும்னு சொன்னேனே, மாத்தியும் ஒண்ணுமே கேக்கலியேம்மா. நான் படிச்சதே தப்பா?"

நீ படித்தது தப்பில்லை.

அப்பாவுக்குப் பருத்த உடம்பு, சர்க்கரை வேறு. வனஸ்பதி உள்ளுக்குள் அழற்சியைக் கிளப்பும், நல்லெண்ணெய் தணிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். மாதாமாதம் சென்னையிலிருந்து செக்கு நல்லெண்ணெய் அனுப்பினாய். அவரோ, "ஏட்டி, இதுல பரோட்டா போட்டா மனுசன் திம்பானா?" என்று தட்டைத் தள்ளினார். நான் பழையபடி வனஸ்பதியை உருக்கினேன்.

அவ்வளவு நல்ல எண்ணெயை வீணாக்க மனசு வரவில்லை. அவருக்குச் சர்க்கரை இறங்க வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் தென்காசிக் கோயிலில் சனீஸ்வரனுக்கு அதை விளக்கில் ஊற்றினேன். வீடியோவில் நீ கேட்கும்போது காலிப் பாட்டிலைக் காட்டினேன். மூன்று வருடம், மகளே. ஒரு சொட்டுகூட அவர் வாய்க்குப் போகவில்லை.

கடைசிப் பாட்டில் அப்படியே இருந்தது. நேற்று அதில்தான் தாளித்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று நீ சொல்லித் தரவே இல்லையே.

உன் அம்மா