ஒன்றரைச் சுற்று

மார்ச் 4
தங்கச்சியின் டர்ட் பைக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினேன். காற்று ஸ்க்ரூவை அடிவரை திருகி, புத்தகத்தில் போட்டபடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். அடுத்த மாதக் கடைசியில் அவளுடைய முதல் பந்தயம்.

மார்ச் 7
ஓட்டிவிட்டு வந்து குறை சொல்கிறாள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கி, பள்ளத்தில் மேடேறத் திறந்தால் வண்டி திணறுகிறதாம், அப்புறம் திடீரென்று தூக்கி அடிக்கிறதாம். இருபது வருஷமாக வண்டி பார்க்கிறவனிடம் வந்து! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 9
அதே பள்ளத்தில் விழுந்துவிட்டாள். மணிக்கட்டில் மோசமான சுளுக்கு, மூன்று வாரம் கட்டு. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு ஓட்ட வரலைண்ணே. வண்டிய வித்துடு" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 10
விற்பதற்கு ஆள் சொல்லி வைத்தேன். மனசே சரியில்லை.

மார்ச் 12
சும்மா ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஒரே கரி. காற்று குறைச்சல், பெட்ரோல் அதிகம். எப்படி? ஒன்றரைதானே வைத்தேன்? மூன்று தடவை திருகி எண்ணினேன். மூன்று தடவையும் ஒன்றரைதான்.

மார்ச் 13
வீட்டுக்காரி தையல் மெஷினை விட்டு எழுந்து, டீயோடு வந்து நின்றாள். நான் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதை ஒண்ணு என்கிறீர்கள் என்று கேட்டாள். ஸ்க்ரூ தலையில் வெட்டியிருக்கும் காடி குறுக்கே இருக்கிறது, திருகினால் மறுபடி குறுக்கே வருகிறது, அதுதான் ஒண்ணு என்றேன்.
"அது பாதிதானே? சக்கரம் கெளம்பின எடத்துக்கே வந்தாத்தான் எனக்கு ஒரு தையல்."
ஸ்க்ரூட்ரைவர் பிடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள். திருகினேன். என்னுடைய ஒரு சுற்றுக்குப் புள்ளி எதிர்ப்பக்கம் போய் நின்றது.
அட முட்டாப் பயலே! மற்ற வண்டிக்கெல்லாம் காதால் கேட்டுத்தான் திருகுவேன். இதற்கு மட்டும் எண்ணினேன். வைத்தது வெறும் முக்கால். காற்று எப்படிப் போதும்?

மார்ச் 14
முழு ஒன்றரை. எஞ்சினைச் சூடாக்கி ஐடில் சரிசெய்து, நானே பள்ளத்தில் இறக்கினேன். திணறாமல் ஏறுகிறது. ஐந்து நிமிஷ வேலை. அவளிடம் சொல்வதுதான் — சொல்லாவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? — சே, என்ன பிறவி நான்.

மார்ச் 15
அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே.
"கூடம் கோணல்தான்மா. கோணலாக்கினது நான்."
"அப்ப நான் சொன்னது சரியா?"
"சரிதான்."
மணிக்கட்டில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டாள்.

மார்ச் 22
வண்டி கேட்டு ஆள் வந்தார். விற்பதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 2
கட்டுப் பிரித்துவிட்டார்களாம். வீட்டுக்காரிதான் சொன்னாள். அண்ணியோடு மட்டும் பேச்சு.

ஏப்ரல் 9
காலையில் பட்டறைக்கு வந்தாள். வா என்றேன். புள்ளி வைத்த ஸ்க்ரூட்ரைவர் எங்கே என்று கேட்டாள். நான் வைத்த ஸ்க்ரூவைப் பழையபடி அடிவரை திருகி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தாள்.
பள்ளத்தில் இறங்கினாள். வண்டிச் சத்தம் எங்கும் தடுக்காமல் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்றாள்.
ஸ்க்ரூட்ரைவரை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.