நைனா பெயர்ப்பலகைக்குக் கீழே காய்ந்தது

பழவேற்காடு
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் பானுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று கங்கையம்மனிடம் சொல்லியிருக்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது. போனில் சொன்னால் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய், நானும் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிற ஜெஸ்ஸி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அயர்லாந்து திரும்புகிறாளாம், அவள் கையில் இதையும் நீ கேட்ட பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தை அப்புறம் பிரி, முதலில் இதைக் கடைசி வரைக்கும் படி.

உன் நைனா பெயரில் ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும், நீதான் சம்மதக் கையெழுத்தும் போட்டு வாழ்த்து வீடியோவும் அனுப்பினாய். ஆனால் எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா. படகுத்துறையைத் தாண்டி இருக்கிற மணல்மேடு, நானும் அம்பிகா அத்தையும் மற்ற பெண்களும் கருவாடு காயவைக்கிற அதே மேடு, அதன் மேலேதான் சிவப்பு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கம்பி வேலி, பெஞ்சு, பூநாரை பார்க்க ஒரு மேடை. நுழைகிற இடத்தில் பெரிய பலகை. அதில் உன் நைனா பம்பை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சிரிக்கிறார், மேலே பம்பைச் சக்கரவர்த்தி தாமோதரன் நினைவு நடைபாதை என்று எழுதியிருக்கிறது. அதே பலகையில் அவர் காலுக்குக் கீழே, இங்கே மீன், இறால் உலர்த்தக் கூடாது, மீறினால் அபராதம் என்று எழுதியிருக்கிறது. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார், கீழே என்ன எழுதினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா, பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டதே நம் ஊர்தான். நடைபாதை வருகிறது என்று தெரிந்ததும் ஊர்த்தலைவர் வேதாசலம் மாமா எல்லாரையும் கோயிலில் கூட்டி, நம்மாளு பேரை மாட்டிட்டா நம்மள எவன் அந்த எடத்துலருந்து அசைக்க முடியும்னு சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினோம், நானும்தான் ஆட்டினேன். வேலி போடுகிறவன் வந்து வேலி போட்டதும் நடைபாதை வேலையைப் பார்க்கிற ஆபீசரிடம் போய்ச் சொன்னோம். அவர் ரொம்ப மரியாதையாக, எவ்ளோ பெரிய கலைஞர் பேர்ல இருக்கற எடம், அங்க நாத்தம் அடிச்சா அவருக்குத்தானே அவமானம், நீங்களே சொல்லுங்கம்மா என்றார். காவலுக்கு வைத்த பெயரே எங்களை விரட்டுகிறது. வேதாசலம் மாமா அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறார். ஆபீசில் மேட்டுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் காயவைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அங்கே வெயிலும் இல்லை காற்றும் இல்லை, வைத்தால் பொழுது சாய்வதற்குள் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். அந்தக் கருவாட்டைத் திருப்பாலைவனம் சந்தையில் எவள் வாங்குவாள். மேடு போனால் எங்கள் பிழைப்பு போனது, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் மற்றவர்கள் மேல் கோபம், இனி உன்மேல். நாங்கள் ஆபீசில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது அந்த ஆபீசர் செல்போனை எடுத்து, உங்க பொண்ணே இன்னா சொல்லியிருக்காங்க பாருங்கன்னு உன் வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீ நல்ல புடவை கட்டிக்கொண்டு, என் தந்தையின் பெயரால் அமையும் இந்த இடம் என்றென்றும் தூய்மையாகவும் அழகாகவும் இருக்கவேண்டும் என்று சொல்கிறாய். வீட்டில் நைனா நைனா என்று தோளில் தொங்கினவள் அங்கே போனதும் தந்தை என்கிறாய், அது கிடக்கட்டும். அம்பிகா என் முகத்தைப் பார்த்தாள். ஊரில் யார் பேசினாலும் பதில் பேசுகிறவள் நான், நான் பெற்றவள் குரலை வைத்தே என்னை வெளியே அனுப்பினார்கள். நீ வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியாதா. குப்பை போடாமல் இருக்கட்டும் என்று நினைத்துச் சொல்லியிருப்பாய். ஆனால் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசிக்காமல் அழகாகப் பேசினாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொன்னேரி காலேஜுக்குப் போகிற நாளில் உன் துணியை மட்டும் தனியாக இரண்டு தடவை அலசுவாய், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். அந்தக் கருவாட்டு வாசனை உனக்கு அப்போதே பிடிக்காதோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மேடு யாருக்குச் சொந்தம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஏரிக் காற்றில் பம்பைத் தோல் ஈரம் ஏறித் தொளதொளவென்று ஆகிவிடும், உன் நைனா அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குத்தான் வருவார். நான் விரித்த நெத்திலிக்குப் பக்கத்தில் பம்பையை வெயிலில் வைத்துவிட்டு, தோல் இறுகுகிற வரைக்கும் எனக்குக் காக்காய் விரட்டுவார். அப்புறம் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார், சரியாக இருந்தால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். சினிமாவில் வாசிக்கப்போன புதிதில் ரிக்கார்டிங் ரூமில் யாரோ மூக்கைப் பொத்தினாராம், இவர் சிரித்துக்கொண்டே அது எங்க ஊட்டு சென்ட்டு சார்னாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆடி மாசத்தில் கோயில் கோயிலாகக் கூப்பிடுவார்கள், மற்ற மாசங்களில் பம்பை சுவரில் தொங்கும். அப்போதெல்லாம் அடுப்பு எரிந்ததும் நீ நர்ஸ் படித்ததும் எதனால் என்று அவருக்குத் தெரியும், மேடையில் மாலை போட்டால் அதையும் சொல்லிவிட்டுத்தான் வாசிக்க ஆரம்பிப்பார். அந்த மனிதர் பெயரைச் சொல்லி என்னை அங்கே உட்காராதே என்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது பானு.

அதனால் திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தேன். நீ ஜெஸ்ஸியிடம் சொல்லி அனுப்பியிருந்தாயே, அம்மாவிடம் சென்னாக்கூனி கருவாடு வாங்கி வா, இங்கே கிடைக்கிற இறாலில் ருசியே இல்லை என்று. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. மகளுக்குக் கருவாடு வேண்டும், அது காய்கிற இடம் வேண்டாம். கரையில் புதுசாகக் கூனி இறால் வாங்கி, அம்பிகாவையும் கூட்டிக்கொண்டு நேராக நடைபாதைக்குப் போனேன். உன் நைனா பலகைக்குக் கீழே பழைய வலையை விரித்து அதன்மேல் கொட்டிப் பரப்பினேன். காவலுக்கு நிற்கிற சாம் விசில் ஊதிக்கொண்டே வந்தான். நம் ஊர்ப் பையன்தான், அவன் மனைவியும் எங்களோடு காயவைத்தவள்தான். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இன்னா அத்தே என் வேலைக்கு உலை வைக்கிறியேன்னான். நான் பலகையைக் காட்டி, மாமாகிட்ட கேளு, அவரு எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்னேன். அவன் போய்ப் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நடக்க வந்த இரண்டு பேர் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த டைல்ஸ் நன்றாகச் சுடுகிறது, ஒரே வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது, அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் அபராதச் சீட்டு வந்தது. கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பெயர் வைத்தது உன் சம்மதத்தில். பொங்கல் கழித்துத் திறப்பு விழாவாம், அதற்குள் இன்னொரு வீடியோ எடுத்து அனுப்பு. தந்தை வேண்டாம், நைனா என்றே சொல். அவர் பம்பை எங்கே காய்ந்தது, நீ எதைத் தின்று வளர்ந்தாய் என்று சொல். வேலியைத் திறந்து எங்கள் மேட்டில் எங்களை விட்டால் பெயர் இருக்கட்டும், இல்லாவிட்டால் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுத்திலும் கொடு. விழாவுக்கு வந்தாலும் வா. நான் அன்றைக்கும் பலகைக்குக் கீழே வலையோடுதான் இருப்பேன். நாற்காலி உனக்கு மேடையில் போட்டிருப்பார்கள், எங்கே உட்காருவது என்று நீயே முடிவு செய்துகொள்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு, மாப்பிள்ளையிடம் நான் திட்டியதைச் சொல்லவேண்டாம், விசாரித்ததாக மட்டும் சொல். உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், அதில் மாற்றம் இல்லை. பொட்டலத்தை இப்போது பிரி. நன்றாக மோந்து பார்த்துவிட்டு வீடியோ எடு. கையைக் கழுவாமல் எடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கருவாட்டுக்காரி குணசுந்தரி