ஓலையில் யாருடைய மகள்

கிரேஸ் பாப்பா,

வர்ற ஞாயிறு சிலிபின் சர்ச்சுல உன் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும். "இன்னாருடைய மகள்"னு யார் பேரைப் போடுறதுன்னு பாஸ்டர் கேட்டாரு. உன்னைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். உன் அம்மாவை நான் கட்டுறப்ப உனக்கு நாலு வயசு. உன் அப்பா செத்து ஒரு வருசம்.

நேத்து சர்ச்சுல மத்தேயுல இருந்து இயேசுவோட வம்ச வரலாறு வாசிச்சாங்க. எப்பவும் தூங்கிருவேன், நேத்து முழுசா கேட்டேன். ஆசோர், ஆகீம், எலியூத். என்ன செஞ்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? பெத்தாங்க, பேரு இருக்கு. கடைசியில யோசேப்பு. அவரு பெக்கல, மரியாளுடைய புருஷன், அவ்வளவுதான். ஆனாலும் வரிசை அவர் வழியாத்தான் வருது.

உன் அப்பா பேரையே போடலாம், எனக்கு வருத்தம் இல்லைலா. வெள்ளிக்குள்ள சொல்லு.

எதுக்கும் இருக்கட்டும்னு என் ஐசி அடையாள அட்டை நகலையும் உள்ள வெச்சிருக்கேன்.

உன் சித்தப்பா