இரண்டு கோடு போட்ட சாவி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அதே மாதிரி, சண்டை மட்டும் கொஞ்சம் குறைவாக, இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். வீட்டில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் விழக்கூடாத விஷயம் இதில் இருக்கிறது. கடையிலிருந்து பேசலாம் என்றால் எதிர்ச் சுவரோரம் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, அதன்மேல் ஒருவன் கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரை உட்கார்ந்திருக்கிறான், வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அதனால் சாவி வெட்டும் மிஷினுக்குப் பின்னால், பில் எழுதுகிறவள் மாதிரிக் குனிந்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு நர்ஸ் நாளைக்கு அவள் அம்மாவைப் பார்க்கப் போகிறாள், அந்த ஊரில் தபாலில் போடச் சொல்லிக் கொடுப்பேன். எழுத்து கோணலாக இருந்தால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதே, மடியில் வைத்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கண் இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. டாக்டர் இந்தக் கண்ணாடியே போதும் என்கிறார், இவர் போதாது என்கிறார், நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன். பேப்பரில் தலைப்பு மட்டும்தான் தெரிகிறதாம். ஆனால் பூங்காவில் ஒரு நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார், தினமும் காலையில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பேப்பரையும் வாசித்துக் காட்டுகிறார் என்று இரண்டு மாதமாக ஒரே பெருமை. செய்தி வாசிக்கிறவர் குரலாம், அதனால் இவர் அவருக்கு ரேடியோ என்றே பேர் வைத்துவிட்டார். மருமகள் அனுப்பிய ஸ்வெட்டர் அளவெடுத்தது மாதிரி இருக்கிறது, கழுத்து மட்டும் பிடிக்கிறது, அதைச் சொன்னால் அவள் வருத்தப்படுவாள், சொல்லாதே. குளியலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்தியாகிவிட்டது. இதெல்லாம் போனிலேயே சொன்னதுதான். சொல்லாமல் விட்டது ஒன்று. இங்கே நடக்கிற உள்ளாட்சித் தேர்தல் வழக்கில் நான் ஏழாவது சாட்சி. அடுத்த திங்கட்கிழமை நான் கூண்டில் ஏற வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி. போன வருஷம் ஓட்டுப் போட்டு முடிந்த மறுநாள் மத்தியானம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து ஒருவன் வந்தான். கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபின் பின்கதவுச் சாவி தொலைந்துவிட்டது, உள்ளே மருந்து ஏதோ கெட்டுப்போகிறது, உடனே வாருங்கள் என்றான். பையைத் தூக்கிக்கொண்டு போனேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். அடுத்தவர் பூட்டைத் திறக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் என் நோட்டில் பேர், போன் நம்பர், இடம், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நான் கம்பியை எடுப்பேன். மாமனார் பீரோவைத் திறக்கச் சொல்லி ஒரு மருமகன் கூட்டிக்கொண்டு போய், அதற்காக நான் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேனே, அதிலிருந்து வந்த பழக்கம். இவனுக்கு எரிச்சல். "என்னம்மா, பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி பண்றீங்க" என்றான். போடாவிட்டால் நான் வந்த வழியே போகிறேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். அவசரத்தில் உண்மைப் பேரையும் உண்மை நம்பரையும் எழுதிவிட்டான், பூட்டுக்காரம்மாவின் நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான். பூட்டைத் திறந்தேன், அதே மாதிரி வேறு பூட்டு மாட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் ஜெயித்தவருடைய அக்கா மகன் என்பதும், அந்த லேப் வழியாகப் போனால் ஓட்டுப் பெட்டிகளை வைத்திருந்த கூடம் வரும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். முன்கதவுக்குச் சீல் வைத்துத் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தியிருந்தார்கள். பின்கதவு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தோற்றவர் வழக்குப் போட்டார். கல்லூரிப் பியூன் என்னை அங்கே பார்த்ததாகச் சொல்ல, தோற்றவருடைய வக்கீல் நேராக என் கடைக்கு வந்துவிட்டார். என் நோட்டில் இருக்கிற ஒரு வரி அவருக்குக் கிடைத்தால் அந்தத் தேர்தலே செல்லாதாம்.

அந்தப் பியூன்தான் ஆறாவது சாட்சி. மூன்று மாதம் முன்னால் கூண்டில் ஏறி, யாரைப் பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். வெளியே குழாயில் தண்ணீர் குடித்தார், பக்கத்தில் நின்ற என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் விடுவேனா, தெருவில் நாலு பேரிடம் அவரைக் கோழை, தொடைநடுங்கி என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினேன். நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று மார் தட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு ஜெயித்தவரின் ஆட்கள் எந்தச் சாவியைக் காட்டினார்களோ.

எனக்குக் காட்டியது இப்படி. ஒரு சனிக்கிழமை, கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவன் மாதிரி, ஒரு சாவியை நீட்டி இதற்கு ஒன்று வெட்டிக் கொடுங்கள் என்றான். "அவசரம் இல்லைங்கம்மா, நிதானமா வெட்டுங்க" என்று வேறு சொன்னான். நான் ஒரு பக்கம் வண்டிச் சாவிக்காரரோடு பேசிக்கொண்டே மிஷினில் மாட்டினேன், வெட்டினேன், பிசிறு எடுத்தேன், கொடுத்தேன், கூலியும் வாங்கினேன். பிசிறு எடுக்கும்போதே விரலுக்கு ஏதோ தெரிந்தது. மூன்றாவது பல் கொஞ்சம் கூடுதலாக ஆழம். மழைக்காலத்தில் நம் வீட்டு வாசல்கதவு இறங்கிக்கொள்கிறது என்று நானே அரத்தால் தேய்த்த பல் அது. விரலுக்குத் தெரிந்தது புத்திக்கு ஏறுவதற்குள் பையன் தெருமுனை தாண்டிவிட்டான். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டிய நான், என் வீட்டுச் சாவியை என் கையாலேயே வெட்டி எவனுக்கோ கொடுத்துவிட்டேன். பழகிய கை, நிற்கவில்லை. அது அவன் கைக்கு எப்படிப் போனது என்று புரியாமல், விரல்தான் ஏமாந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்தி அன்றைக்குப் பூட்டை மாற்றாமல் விட்டேன். மறுநாள் நாங்கள் இருவரும் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தபோது வீடு பூட்டியே இருந்தது. உள்ளே எதுவும் போகவில்லை. ஆனால் பீரோவில் என் புடவைகளை யாரோ எடுத்துத் திரும்ப அழகாக மடித்து வைத்திருந்தார்கள், நான் ஜென்மத்துக்கும் அப்படி மடிக்க மாட்டேன். நோட்டைத் தேடியிருக்கிறார்கள். நோட்டு என் பையோடு என்கூடவே வரும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் கோர்ட்டில் சொல்லி ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட வைத்தார். இரண்டு நாள் கடை வாசலில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிள்காரனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் வரவில்லை.

புடவை மடிப்பைப் பார்த்த அன்றைக்கே நான் பூட்டை மாற்றிவிட்டேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பூட்டு, சாவி இரண்டே இரண்டு. என்னுடையதில் அரத்தால் ஒரு கோடு, அப்பாவுடையதில் இரண்டு கோடு, கண் தெரியாதவர் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று. பத்து நாள் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். தலை நரைத்தவர், வெள்ளைச் சட்டை, வணக்கம் சகோதரி என்றார். குரலைக் கேட்டதுமே கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டேன். செய்தி வாசிக்கிற குரல். மேசைமேல் ஒரு சாவியை வைத்தார். இரண்டு கோடு. மிஷின் ரிப்பேர் என்றேன். "பரவாயில்லைம்மா, வேற கடையில வெட்டியாச்சு. உங்க கைவேலை நல்லா இருக்கும்னு சொன்னாங்க, அதான் ஒரு தடவை காட்டிட்டுப் போகலாம்னு" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது அந்தச் சாவி அப்பாவின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். பேப்பரில் என்ன விசேஷம் என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பத்தாறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட மனுஷன், கட்டினவளுக்குத் தெரியாமல் வீட்டுச் சாவியைத் தூக்கி அன்னியனிடம் கொடுப்பாரா, ராத்திரி பக்கத்தில் வந்து படுப்பாரா என்று கொதித்தேன். மறுநாள் துணி துவைக்கிறபோது அவர் சட்டைப் பையில் ஒரு போட்டோ இருந்தது. நீதான். பின்னாலிருந்து எடுத்தது. குட்டி உன் தோளில் தூங்குகிறாள், நீ உன் வீட்டுக் கதவில் சாவி போட்டுக்கொண்டிருக்கிறாய். கதவு நம்பர்கூடத் தெரிகிறது. ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது, அவ்வளவு தடவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்திருக்கிறார். சட்டை காய்ந்ததும் இஸ்திரி போட்டு, போட்டோவை அதே பையில் வைத்து மாட்டிவிட்டேன். அவர் எனக்குச் சொல்லவில்லை, நான் அவருக்குச் சொல்லவில்லை. நான் பயந்துவிடுவேன் என்று அவர் மறைக்கிறார், அவர் குன்றிப்போவார் என்று நான் மறைக்கிறேன். ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறோம். கதவைத் தாழ் போடுகிறோம், எதற்குப் போடுகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இந்த விஷயத்தில் அப்பாமேல் கோபப்படாதே. அவரிடம் கேட்கவும் கேட்காதே. உனக்காகத்தான் கொடுத்தார், கொடுத்துவிட்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்.

வக்கீலிடம் போய்ச் சாவி, போட்டோ விஷயம் முழுவதையும் சொன்னேன். "நீங்க உண்மைய மட்டும் சொல்லுங்கம்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அந்த மத்தது என்ன என்று கேட்டேன், போன் வந்தது, எழுந்து போய்விட்டார். அவருக்கு நான் ஏழு என்கிற நம்பர். வழக்கு முடிந்ததும் அடுத்த வழக்குக்குப் போய்விடுவார். நீ எனக்கு நம்பர் இல்லை. அதனால் திங்கட்கிழமை நான் கூண்டில் ஏறி, ஞாபகம் இல்லை என்று சொல்லப்போகிறேன். நோட்டு மழையில் நனைந்து போய்விட்டது என்று சொல்வேன், அதற்கு முன்னால் நிஜமாகவே தண்ணீரில் போட்டுவிடுவேன். இதுவரை பொய்யே சொல்லாதவள் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன், புடவை விலையை அப்பாவிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. ஆனால் ஒரு தடவை பார்த்த பூட்டை மறக்க மாட்டாள் என்று இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது, அந்த வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் உறுத்துகிறது.

அதனால் மறக்கவில்லை என்பதை உனக்கு மட்டும் எழுதிவைக்கிறேன். வக்கீலுக்குக்கூட இதைச் சொல்லவில்லை. கல்லூரியில் ஒரு மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பித்தளைப் பூட்டு, உள்ளே ஆறு லீவர், அடியில் துரு. மாட்டிக்கொடுத்துவிட்டுப் பின்கேட் வரை வந்த பிறகுதான் என் சின்ன அரத்தை வாசற்படியிலேயே விட்டுவிட்டது தெரிந்து திரும்பிப் போனேன். கதவு சாத்தவில்லை. லேபைத் தாண்டி அந்தப் பக்கக் கதவும் திறந்திருந்தது. அக்கா மகன் தரையில் மண்டியிட்டு ஒரு பெட்டியின் சீலைப் பிளேடால் கிளப்பிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் கோணிப்பையிலிருந்து கட்டுக்கட்டாக ஓட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் அரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்கு வந்து சாப்பாட்டையும் சாப்பிட்டேன். எண்ணிக்கை முடிந்து வெடி வெடித்தபோதுதான் நான் பார்த்தது என்ன என்று எனக்கு உறைத்தது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிளோ போட்டோவோ வருவதற்கு முன்னாலேயே நான் பயந்துவிட்டேன் ராசா, யாரும் பயமுறுத்தாமலேயே. அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வைத்துக்கொள் என்று எழுதவும் தைரியம் இல்லை. உனக்குச் சரியென்று படுவதைச் செய், என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, குட்டிக்குக் குளிரில் காதை மூடிவிடு, மருமகளிடம் குரலை உயர்த்தாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், என் மனசில் வேறு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் போன் செய், வழக்கம்போலவே பேசு.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த அன்றைக்கே உன் வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போடு. நீயே கடைக்குப் போய் நீயே பார்த்து வாங்கு, எது நல்ல பூட்டு என்று என்னைக் கேட்காதே. வாங்கிய பிறகு அது எந்தப் பூட்டு என்றும் எனக்குச் சொல்லாதே.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா