கிரேன் உச்சியில் ஒரு பிளாஸ்க் கஞ்சி

என் அருமை வாலுக்கு,

அம்மாவின் ஆசை முத்தங்கள். நானும் அப்பாவும் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், தூக்க விஷயத்தை நம்பவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இந்தத் தடவை நலம் என்று நான் எழுதியிருப்பது ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்த நலம். ஆமாம்டி, ஜெயித்துவிட்டேன். நேற்றுக் காலை உன் அம்மா மறுபடியும் கிரேனில் ஏறிவிட்டாள். போனிலேயே கத்திச் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் நீ பாதியில் புகுந்து "அம்மா, நான் சொல்றத முதல்ல கேளு" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கணினியை மூடி வைத்துவிட்டு, உட்கார்ந்து முழுவதையும் படி.

கன்டெய்னர் யார்டில் வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் என் சர்க்கரை எகிறிப்போய், என்னைக் கிரேனிலிருந்து இறக்கி எடைமேடை அறையில் உட்கார வைத்தார்கள் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அன்றைக்குக் கம்பெனி டாக்டர் சொன்னதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதைத் தாண்டி நிற்பதைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இந்த சர்க்கரையோட உங்கள மேல ஏத்த முடியாதும்மா, கண்ணு மங்குச்சுன்னா கீழ நிக்கிறவன் உயிருக்கு யாரு பதில் சொல்றது, அடுத்த டெஸ்டுக்குள்ள கொறச்சுட்டு வாங்க, இல்லன்னா கடைசி வரைக்கும் எடைமேடைதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். எடைமேடை வேலை உனக்குத் தெரியுமா? லாரி வந்து நிற்கும், நம்பரைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், சீட்டு வெளியே வரும், லாரி போய்விடும், அடுத்த லாரி வரும். உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தேன். கொடுமை என்னவென்றால் அந்த அறை ஜன்னலுக்கு நேரே என் கிரேன். அதில் என் இடத்தில், நாங்கள் குலுக்கல் என்று பேர் வைத்திருக்கும் ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் பெட்டியை லாரியில் வைக்கச் சொன்னால் போடுவார், ஒவ்வொரு கன்டெய்னரும் தொம்மென்று விழும், பேர் சும்மாவா வந்தது. அந்த வாரம்தான் நீ போனில், "போதும்மா, ஒழச்சது போதும், வேலைய விட்டுட்டு வீட்ல இரு, நான் பாத்துக்கறேன்" என்றாய். பாசத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் வாயை எல்லாம் அடைத்துவிட்டு நான் வாங்கிய இடம்டி அது. காலுக்கடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே வரிசையாக லாரிகள், எல்லாம் என் கை அசைவுக்காகக் காத்திருக்கும். அதைப் போயும் போயும் சர்க்கரை பிடுங்கிக்கொண்டு போவதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்தான் இனிப்பையே தொடுவதில்லையே! இந்த வியாதி வந்த நாளிலிருந்து டீயில் சர்க்கரை கிடையாது, கேக் கிடையாது, பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் மிட்டாயை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். இவ்வளவு வாயைக் கட்டியும் ஏறுகிறதென்றால் பரிசோதனைக் கூடத்தில்தான் கோளாறு என்று அங்கே ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் போய்ச் சண்டை போட்டேன், வேறு யாருடைய ரத்தத்தையோ என் பேரில் எழுதிவிட்டாய் என்று. பாவம், அந்தப் பெண் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அதே ஒன்பது சொச்சம். மூக்குடைபட்டு வந்தேன். பிறகுதான் கம்பெனி டாக்டர் என்னை ஆஸ்பத்திரியில் இருக்கும் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். குட்டையாக, சத்தமாகச் சிரிக்கிற ஒரு அம்மாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை, "எல்லாரும் எங்கிட்ட நல்ல பிள்ளையாத்தான் சொல்வாங்க, நீங்க ஒரு நாள் வேலைக்கு எடுத்துட்டுப் போறத அப்படியே அதே பாத்திரத்துல கொண்டாங்க" என்றார். கொண்டு போனேன். என் பெரிய பிளாஸ்க்.

அந்த பிளாஸ்க் கதை உனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் இருந்த வில்லனைத்தான் நம்மில் யாருக்கும் தெரியவில்லை. சர்க்கரை வியாதி வந்த புதிதில் ஒரு நாள் வெறும் வயிற்றோடு ஏணி ஏறி, பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்து, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிடித்த பயம். உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது மயக்கம் வந்தால் என்ன ஆவது? அதனால் அப்பா அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். சலூனைப் பத்து மணிக்குத்தானே திறக்கிறார், காலையில் நிதானமாக அரிசியைக் குழைய வேகவிட்டு, மசித்து, எனக்குத் தொண்டையில் சிக்கக் கூடாதென்று துணியில் வடிகட்டி வேறு தருவார். ஷிப்ட் முழுக்க ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் ஒரு மடக்கு, ஒரு மடக்கு என்று குடித்துக்கொண்டே இருப்பேன். உப்புப் போட்ட கஞ்சிதானே, இனிப்பா என்ன! அந்த அம்மாள் பிளாஸ்க்கை எடுத்து, மேஜையில் டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்ற ஆரம்பித்தார். மேஜையில் இடம் போதவில்லை. பிறகு என் விரலைக் குத்தி அளவு பார்த்துவிட்டு, ஒரு டம்ளரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்து, மறுபடியும் குத்திப் பார்த்தார். மீட்டர் காட்டிய எண் எங்கேயோ ஏறி நின்றது. மனுஷர் சொன்னால் நான் ஆயிரம் கேள்வி கேட்பேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் மீட்டர் சொன்னால் கேட்டுப் பழகியவள் நான். "அரிசி கெட்டதில்லம்மா, கொழைய வேகவெச்சு, மசிச்சு, வடிகட்டிட்டா அது வயித்துல நிக்கவே நிக்காது, நேரா ரத்தத்துக்கு ஓடிரும், அது கொறையறதுக்குள்ள நீங்க அடுத்த மடக்கு குடிக்கிறீங்க, மயக்கம் வரக்கூடாதுன்னு நாள் பூரா சர்க்கரையத்தான் குடிச்சிருக்கீங்க, என்ன, இனிக்கல, அவ்வளவுதான்" என்றார். நான் போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைக்குச் சர்க்கரை அப்படித் திடீரென்று கீழே இறங்குவது அபூர்வம், வேளாவேளைக்குச் சாப்பிட்டாலே போதும் என்றும் சொன்னார். எத்தனை வருஷப் பயம், ஒரு நிமிஷத்தில் காற்றுப் போன பலூனாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் உனக்கு வெஷமா காய்ச்சிக் குடுத்தேன்" என்று கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சாயங்காலம் ஒரு மூட்டையோடு வந்தார். சிறுதானியம். சலூனில் முடி வெட்ட வந்த யாரோ, இதைச் சாப்பிட்டால் சர்க்கரை பறந்துவிடும் என்று சொன்னாராம். மறுநாள் அதிலும் கஞ்சிதான் காய்ச்சினார், அதையும் வடிகட்டினார்! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி ஆயிற்றே. மீட்டரில் பார்த்தால் அதுவும் ஏறித்தான் நின்றது. அவரையும் இழுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனேன். "அண்ணே, எந்தத் தானியமா இருந்தாலும் மாவுச்சத்துதான், முழுசா மென்னு சாப்பிட்டா மெதுவா ஏறும், கரைச்சுக் குடிச்சா ஓடும், அளவும் முக்கியம், கூட என்ன இருக்குங்கறதும் முக்கியம்" என்று அவர் சொன்னதும் மனுஷருக்கு உறைத்தது. அன்றைக்கு விட்ட கத்தரிக்கோலை... இல்லை, கரண்டியை எடுத்தார் பார், இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது நம் வீட்டுத் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால் பங்குதான் சோறு. சோற்றை விடவே மாட்டேன் என்று நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், ஆனால் விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டு அதைக் கடைசியில் சாப்பிடச் சொன்னார்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. பழத்தைப் பிழிந்து குடிக்காதே, கடித்துச் சாப்பிடு என்றார்கள். சர்க்கரை இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட்டும் மாவுதான் என்று தெரிந்தபோது, ஒரு பாக்கெட்டை ஒரே மூச்சில் காலி செய்த நாட்களை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் எடை பார்க்காமல் லீவரில் கை வைக்க மாட்டேன், என் தட்டில் என்ன பாரம் ஏறுகிறது என்று மட்டும் இத்தனை வருஷம் பார்க்கவில்லையே!

சுலபமாக நடந்தது என்று நினைக்காதே. முதல் வாரம் பசி காதை அடைத்தது. எடைமேடையில் வெட்டியாக உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், குலுக்கல் என் கிரேனில் ஒரு பெட்டியைக் கோணலாக இறக்கி லாரியின் பக்கப் பலகையை நசுக்கியதைப் பார்த்த கோபத்தில், லாரிக்காரர் ஒருவர் கொடுத்த பன்னை வாங்கி முழுசாகத் தின்றுவிட்டேன், இன்னொன்றும் தின்றேன். அன்றைக்கு மீட்டரைப் பார்க்கவே பயம். பார்த்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன! மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவை மூடியதும் யார்டு சுவரோரம் ஒரு நடை நடக்க ஆரம்பித்தேன், எடைமேடைக்கு வரும் லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக் கேலி செய்தார்கள், கொஞ்ச நாள் கழித்து அதில் தொப்பை போட்ட ஒருவர் என்கூட நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

நாலு மாதம் கழித்துப் போன வாரம்தான் அடுத்த டெஸ்ட். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். ஏழுக்குக் கீழே! "என்னம்மா பண்ணினீங்க" என்றார். கஞ்சியை நிறுத்தினேன் டாக்டர் என்றேன். கண்ணையும் பரிசோதித்து, மாத்திரையைத் தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, மேலே ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, சலூனில் ஒருவருக்குப் பாதித் தலை வெட்டியபடி இருந்தவர், அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றார். அந்தப் பாதித் தலை மனுஷரும் துண்டோடு வெளியே வந்து கை தட்டினார். உன் அப்பா இப்போதெல்லாம் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் மாவுச்சத்து வகுப்பு எடுக்கிறார், கையில் கத்தி இருப்பதால் யாரும் எழுந்து போவதில்லை.

நீயும் கேட்டுக்கொள். எனக்கு இருக்கிறது, ஆகவே உனக்கும் வர வாய்ப்பு அதிகம், சின்ன வயசுதானே என்று அலட்சியம் வேண்டாம், நீயும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துவிடு. காலையில் ஓடிக்கொண்டே இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியும் ஒரு பாட்டில் ஜூஸும் என்று நீ போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்து அப்பா கத்தரிக்கோலோடு அங்கே கிளம்புவதாக இருந்தார். ஒரு முட்டை அவிக்க உனக்கு என்ன கேடு? முழு கோதுமை ரொட்டியாக வாங்கு, ஒரு ஆப்பிளை மென்று தின்னு, ராத்திரிக்குப் பருப்பும் காயும் நிறையப் போட்டுச் சாப்பிடு. பயந்து பயந்து சாப்பிடாதே, தெரிந்து சாப்பிடு. நான் பயந்து சாப்பிட்டதில்தான் இவ்வளவு வந்தது.

நேற்றுக் காலை ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்காமல். டப்பாவில் அவித்த முட்டை, வேகவைத்த கொண்டைக்கடலை, வெள்ளரிக்காய், ஒரு கொய்யாப்பழம், பாட்டிலில் வெறும் தண்ணீர். கேபின் கதவைத் திறந்து சீட்டைச் சரிசெய்து, லீவரில் கை வைத்ததும் ஒரு நிமிஷம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, யாரும் பார்க்காத உயரம்தானே, அழுதுகொண்டேன். கீழே முதல் லாரி வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி, நிதானமாக நகர்த்தி, லாரியில் வைத்து, பிடியை விட்டேன். லாரி நகரவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அண்ணாந்து என்னைப் பார்த்து, "என்னக்கா, எப்பதான் ஏத்துவீங்க" என்று கத்துகிறார். கீழே நின்ற ஆட்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தார் பார், பெட்டி ஏறி உட்கார்ந்து எவ்வளவு நேரமாகிறது!

நீ நூறு வயசு நோய் நொடியில்லாமல், எடுத்த காரியம் எல்லாம் ஜெயித்து வாழ வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், உன் ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பினால்தான் அது செல்லுமாம். வெறும் வயிற்றில் போய்க் கொடு, மறக்காதே. இனிமேல் மத்தியானத்தில் போன் போடாதே, எடுக்க மாட்டேன், மேலே இருப்பேன்.

உன் அம்மா,
கிரேன் ஆபரேட்டர்