கறந்த பிறகே தீவனம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கவேண்டும். போனில் நீ ஆடுகளைப் பற்றிக் கேட்டபோது எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேனே, அது பொய். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் இப்போது எழுதுகிறேன். பதினொரு ஆட்டுக்கு மடிநோய் வந்துவிட்டது. மடி கல்லாக இறுகி, தொட்டாலே உதைத்தன, பால் திரிதிரியாக வந்தது, சீஸ் பட்டறைக்காரர் இரண்டு கேனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். தப்பு என்னுடையதுதான். கறக்கும்போது அடங்கி நிற்கட்டுமே என்று தீவனத்தை முன்னாலேயே வைத்துப் பழக்கினேன், பால் கூடட்டும் என்று மக்காச்சோளத்தையும் அள்ளி அள்ளிப் போட்டேன். சோளம் மிஞ்சிக் கழிச்சல் கண்டு தரையெல்லாம் நாசம், வயிறு நிறைந்த ஆடுகள் கறந்த கையோடு அந்த ஈரத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டன. கறந்தபின் காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதற்குள் படுத்தால் அழுக்கு உள்ளே ஏறிவிடும் என்று கால்நடை டாக்டரம்மா சொன்னார். இத்தனை வருஷம் கறந்தவளுக்கு இந்தப் புத்தி வரவில்லை பார்.

அப்பா மனம் விட்டுப்போய், போதும்டி, எல்லாத்தையும் குடுத்துட்டுப் பையன்கிட்ட போயிடலாம் என்று சொல்லி, ஆட்டு வியாபாரியையும் வரச்சொல்லிவிட்டார். பத்து நாள் பொறுங்கள் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நான் கெடுத்ததை நான்தானே சரிசெய்ய வேண்டும்? சோளத்தைப் பாதியாக்கினேன், அதுவும் கறந்த பிறகுதான், கூடவே காய்ந்த புல்லும் உண்டு, அதைத் தின்று முடிக்கும்வரை எல்லாம் நின்றுகொண்டே இருக்கும். நல்ல ஆடுகளை முதலில் கறந்துவிட்டு நோயாளிகளிடம் கடைசியில் போவேன், முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்ப்பேன். எட்டு தேறிவிட்டன, இரண்டுக்கு இன்னும் ஊசி நடக்கிறது. நீ மகாராணி என்று கூப்பிடுவாயே, அவளுக்கு மட்டும் ஒரு பக்க மடி போனது போனதுதான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். அப்பாவோ, எதுக்கும் அவகிட்டயே கேட்டுக்குங்க என்று சொல்லிவிட்டு, புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். அந்த மனிதர் கேட்கவே நான் விடவில்லை, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன்.

மருமகளோடு சண்டை போடாதே. இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். எங்களுக்கென்று அறை ஒழிக்கிறாயாமே, அதை நிறுத்து. ஆடுகள் சினையாகிப் பால் வற்றியதும் வருகிறோம், உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு.

உன் பிடிவாதக்கார அம்மா