மடத்துவெளி: ஒன்று

அக்கா,

இன்று காலை பயிற்சி மண்டபத்தில் புரொஜெக்டரைப் போட்டதும் அந்த மணம் வந்தது. விளக்கு சூடேறும்போது உள்ளே படிந்த தூசி கருகும் மணம். பல மாவட்டங்களிலிருந்தும் வந்த உத்தியோகத்தர்கள் குறிப்பெடுக்கக் காத்திருந்தார்கள். எனக்கோ புங்குடுதீவுப் பள்ளிக்கூட மண்டபம் தெரிந்தது. பின்சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர் இரைந்தது. கையில் பூவரசந் தடியோடு திரைக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

அது சமாதான காலம். சண்டை ஓய்ந்து வடக்குக்குப் பாதை திறந்த கையோடு எங்கள் உதவி நிறுவனமும் தீவுப்பகுதிக்கு வந்தது. நான் பட்டணத்துப் பொடியன், கொழும்பில் படித்துவிட்டு வந்த மிதப்பு வேறு. எல்லா மாவட்ட அலுவலகங்களும் சேர்க்கும் வீட்டு விவரங்களை ஒரே இடத்தில் கூட்டி, மேலிடத்தார் ஒரே பார்வையில் நிலைமையை அறிந்து முடிவெடுக்கும்படி அட்டவணைகளாகக் காட்டும் அமைப்பைக் கட்டுவது என் வேலை. யார் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானிப்பவனும் நான்தான். நீங்கள் ஊர்காவற்றுறை அலுவலகத்தில் விவரம் சேர்ப்பவர்களுக்குப் பொறுப்பு. நெடுந்தீவு விவரங்களைப் பார்க்க நீங்கள் பாஸ்வேர்ட் கேட்டபோதுகூட நான் தரவில்லை. “உம்மட கொம்பியூட்டரிட்டை ஒரு தேத்தண்ணி கேட்டாலும் அனுமதி வேணும் போல” என்று சிரித்தீர்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் ஊரான மடத்துவெளியில் அப்போது விளக்கெரிந்த வீடுகள் கொஞ்சம்தான். மற்றவை கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள். தன் வீட்டு விவரத்தைத் தானே எடுக்கக்கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால் உங்கள் வீட்டுக்கு நானே வந்தேன். குசினி வாசலில், அடுப்புக்குப் பக்கமாகக் கதிரை போட்டுத் தந்தீர்கள். கணவர் பிரான்சில், விசா சரிவந்ததும் உங்களையும் மகளையும் கூப்பிடுவார் என்பது ஊரறிந்த சங்கதி. அவருடைய அழைப்புக்காக ஞாயிறுதோறும் சந்தியில் தொலைபேசி வைத்திருந்த கொமினிகேஷன் கடையில் போய் இருப்பீர்கள். ஆகவே கேட்காமலே ‘கணவர் வெளிநாட்டில்’ என்ற கட்டத்தில் புள்ளடி போடப் போனேன்.

“பொறும் தம்பி. இதை ஆர் ஆர் பாப்பினம்?”

“பேர் ஒருத்தருக்கும் தெரியாதக்கா. நான் பூட்டி வைச்சிருக்கிறன்.”

“சத்தியமாவோ?”

“ஓமக்கா, சத்தியமா.”

“அப்ப மற்றக் கட்டத்தில போடும். அவருக்கு அங்கை வேறை குடும்பம். எத்தினை வருசமா ஆருக்கும் சொல்லாமல் வைச்சிருக்கிறன். ஒரு இடத்திலயாவது உண்மை கிடக்கட்டும்.”

‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்ற கட்டம் அது. போட்டேன். நீங்கள் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தீர்கள்.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் அந்தக் கூட்டம். கொழும்பிலிருந்து விருந்தினர் வந்தார்கள். சேர்த்த விவரங்களை ஊராருக்கும் காட்டவேண்டும் என்றார்கள். தலைமையகத்துக்காகச் செய்த அதே அட்டவணையை அப்படியே திரையில் போட்டேன். அதில் பெயரே இல்லை, ஊர்வாரியாக எண்கள் மட்டும்தான் என்ற நிம்மதி எனக்கு. உங்களுக்கு முன்கூட்டிக் காட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விளக்கம் சொல்ல உங்களைத்தான் நிறுத்தியிருந்தோம். தடியின் நுனி வரிசை வரிசையாக இறங்கி மடத்துவெளிக்கு வந்தது. கணவர் வெளிநாட்டில், மூன்று. கணவனால் கைவிடப்பட்டவர், ஒன்று.

“மடத்துவெளியிலையோ? ஆரப்பா அது?” என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாத ஒரு சேதி தன் ஊரில் இருக்கிறதே என்ற வியப்புத்தான். பெண்கள் பக்கத்தில் விரல்கள் மடியத் தொடங்கின. ஒருத்தியின் புருஷன் போன திருவிழாவுக்கு வந்து போனான். இன்னொருத்திக்கு மாதாமாதம் பார்சல் வருகிறது. மற்றவளை ஸ்பொன்சர் பண்ணியாயிற்று. எண்ணி முடித்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உங்களைப் பார்த்தார்கள்.

தடி அந்த ஒன்றிலேயே கொஞ்சம் நின்றது. “அடுத்தது, குடிதண்ணிக் கிணறுகள்” என்று கீழே இறக்கினீர்கள். குரல் தடுமாறவில்லை. கூட்டம் முடிந்ததும் விருந்தினர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வரும் பஸ்ஸுக்காகத் தெருவில் நின்றபோது நீங்கள் பக்கத்தில் வந்தீர்கள். மன்னிப்புக் கேட்கவேண்டிய வாயால் நியாயம் சொன்னேன். “பேர் போடேல்லைத்தானே அக்கா...”

“நாலு பேரில ஒண்டு எண்டால் அது பேர்தானே தம்பி” என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகளுக்கு வேலணையில் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கொமினிகேஷனுக்குப் போவதும் நின்றது. அலுவலகத்துக்கு மட்டும் தவறாமல் வந்தீர்கள். என் மேசையைக் கடக்கும்போது “சாப்பிட்டீரோ?” என்று வழமைபோலக் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த விதியை அமைப்பில் எழுதினேன். பூச்சியம் உட்பட, ஐந்துக்குக் குறைந்த எண் எதுவும் வெளியே தெரியாது. கட்டத்தில் ஒரு கோடு மட்டும் விழும். கூட்டுத்தொகையிலிருந்து கழித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. தலைமையகம் மெச்சி, அதை எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாக்கியது. எனக்குப் பதவி உயர்ந்தது. நான் கொழும்புக்கு வந்தேன்.

நீங்கள் நோயில் கண்ணை மூடிவிட்டதாகச் செய்தி வந்தபோது சண்டை மூண்டு பாதை மறுபடியும் மூடியிருந்தது. வர வழியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். வழி இருந்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன் அக்கா, எந்த முகத்தோடு வருவது? போன மாதம் வெள்ளவத்தையில் உங்கள் மகளைக் கண்டேன். இங்கே சின்னம்மாவோடு இருக்கிறாளாம். கையில் மரக்கறிப் பையோடு வந்தவள் என்னை அடையாளம் கண்டு சிரிக்கப் பார்த்தாள். நான் போனைக் காதில் வைத்து, வராத அழைப்பு ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்தேன். வெட்கம் கெட்டவன்.

இன்று வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “சேர், இந்த விதி உங்களுக்கு எப்பிடித் தோன்றினது?” என்று கேட்டாள். “அனுபவம்தான்” என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

இடைவேளையில் அமைப்பைத் திறந்து மடத்துவெளியைப் பார்த்தேன். கோடுகளுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கும் அனுமதி எனக்கு உண்டு. புதிய விவரம் ஏற்றியிருந்தார்கள். வேறு எவர் திறந்தாலும் உங்கள் கட்டத்தில் முன்பும் கோடு, இப்போதும் கோடு. அதற்குப் பின்னால் இருந்த ஒன்று பூச்சியமாகியிருந்தது.

உங்கள் குசினி வாசலில் செய்த சத்தியம் இப்போதுதான் பலித்திருக்கிறது அக்கா. நீங்கள் அங்கே இல்லை என்பது அதைப் பார்க்கும் ஒருவருக்கும் தெரியாது.